வைரஸ் உள்ள நுழையாம தடுக்கற மருந்து இருக்காமே, என் குழந்தைக்கு ஏன் குடுக்கல?

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம், கல்யாணமாகி இந்தியாவுல இருந்து வந்து ஆறு வருஷம் ஆகுது. ரெண்டாவது பையனுக்கு நாலு மாசம். ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனோம். வந்த நாலாம் நாள் மூக்கு ஒழுக ஆரம்பிச்சு, அப்புறம் பால் குடிக்க முடியாம மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில சேர்த்து அஞ்சு நாள் ஆக்சிஜன் வெச்சாங்க. ஆர்எஸ்வின்னு சொன்னாங்க, மூச்சுக்குழாயத் தாக்கற வைரஸாம். ஆன்டிபயாடிக்கும் இல்ல, வைரஸுக்கு மருந்தும் இல்ல, ஆக்சிஜனும் ட்யூப்ல பாலும் மட்டும்தான். சென்னையில மருந்துக் கம்பெனியில இருக்கற என் தம்பி, வைரஸ் செல்லோட கலக்காம தடுக்கற மருந்தெல்லாம் வந்துடுச்சு, உங்க ஊர்ல ஏன் குடுக்கலன்னு கேட்கறான். ஆர்பிடால்னு ஒரு மாத்திரை வாங்கி அனுப்பறேன்னும் சொல்றான். குடுக்கலாமா? நாங்க கேட்கத் தெரியாம விட்டுட்டோமா? மாமியார் தினமும் சாம்பிராணி போடணும்ங்கறாங்க. நாத்தனார் வேற ஆறு மாசம் முழுகாம இருக்காங்க, அவங்க குழந்தைக்கும் இப்படி வருமா?

பதில்: தங்கச்சி, முதல்ல இத சொல்லிடறேன், நீங்க கேட்கத் தெரியாம எதையும் விடல. உங்க பையனுக்கு அந்த ஆஸ்பத்திரியில செஞ்சதுதான் சரியான வைத்தியம். காசு இருக்கறவங்க போற பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பாங்க. நான் இந்த ஊர்ல ஆஸ்பத்திரி பார்மசியில இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், வருஷா வருஷம் பிப்ரவரி மார்ச் ஆனா குழந்தைங்க வார்டுல இருந்து ஆக்சிஜன், மூக்கு ட்யூப், உப்புத்தண்ணி சொட்டு மருந்துன்னு கேட்டு ஆள் வர ஆரம்பிச்சுடும், அப்பவே எங்களுக்குத் தெரிஞ்சுடும் ஆர்எஸ்வி சீசன் வந்துடுச்சுன்னு. இங்க ஃப்ளூவுக்கு முன்னாடியே இது வந்துடும். ஈஸ்டர் அந்த சீசனுக்கு நடுவுல வர்றது யாரோட தப்பும் இல்ல. கோயிலுக்குப் போனதாலதான் வந்துச்சுன்னும் உறுதியா சொல்ல முடியாது, உங்க பெரியவன் கிரெச்சுக்குப் போறவனா இருந்தா அவன் மூக்குல இருந்தே வந்திருக்கலாம். ரெண்டு வயசுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் ஒரு தடவையாவது வர்ற வைரஸ் இது. அம்மனைப் பார்க்கப் போனதுக்காக உங்களை நீங்களே திட்டிக்காதீங்கமா.

இப்ப தம்பி சொன்ன விஷயத்துக்கு வருவோம். அவர் பொய் சொல்லல, பாதி நிஜம் அது. மீதிப் பாதியத்தான் நான் சொல்லணும், அதுக்கு இந்த வைரஸ் எப்படி உள்ள போகுதுன்னு கொஞ்சம் பார்த்தாகணும்.

ரசத்துக்கு நெய்ல தாளிச்சு ஊத்தினதும் மேல சின்னச் சின்ன நெய்த்துளியா மிதக்கும் இல்லையா, ரெண்டு துளி பக்கத்துல பக்கத்துல ரொம்ப நேரம் தனித்தனியாவே நிக்கும், கரண்டி நுனியால லேசா ஒண்ண நெருக்கித் தள்ளினா சட்டுனு ஒரே துளியா ஆயிடும். ஆர்எஸ்வி வைரஸ சுத்தி இருக்கறதும் அந்த மாதிரி ஒரு கொழுப்புத் தோல்தான், நம்ம மூச்சுக்குழாய் செல்ல சுத்தி இருக்கறதும் கொழுப்புத் தோல்தான். ரெண்டும் ஒண்ணாக் கலந்துட்டா வைரஸோட சரக்கு செல்லுக்குள்ள கொட்டிடும், அதைத்தான் ஃப்யூஷன்னு சொல்றாங்க. ஆனா ரெண்டு தோலும் தானா கலக்காது, கரண்டி மாதிரி ஒண்ணு நெருக்கித் தள்ளணும். வைரஸ் மேல முள்ளு முள்ளா நிக்கற எஃப் புரோட்டீன்தான் அந்தக் கரண்டி.

இந்த எஃப் புரோட்டீன நான் எங்க வார்டு நர்ஸ் பொண்ணுங்களுக்கு எலிப்பொறின்னு சொல்லித்தான் விளக்குவேன். மூணு இழை ஒண்ணா முறுக்கி, ஸ்பிரிங்க இழுத்து மாட்டி வெச்ச பொறி மாதிரி விறைப்பா நிக்கும். செல்லு பக்கத்துல வந்ததும் பொறி தெறிக்கும், உள்ள மடிஞ்சு ஒளிஞ்சிருந்த நுனி அம்பு மாதிரி நீண்டு செல்லோட தோல்ல குத்தும், அப்புறம் அந்தப் புரோட்டீன் நடுவுல ரெண்டா மடிஞ்சு வைரஸ் தோலையும் செல் தோலையும் ஒண்ணோட ஒண்ணா இழுத்துப் பிடிக்கும், கலந்துடும். தெறிச்ச பொறிய திரும்ப மாட்ட முடியாது, ஒரே தடவைதான். இதுல எனக்கு எப்பவும் மனசுல நிக்கற இன்னொண்ணு, வைரஸ் புகுந்த செல்லும் தன் மேல இதே எஃப் புரோட்டீன ஏத்தி வெச்சுக்கும், அப்ப அந்த செல்லு பக்கத்து செல்லோடயும் கலந்துடும். படிக்கற காலத்துல லேபுல ஒரு தட்டைக் காட்டினாங்க, தனித்தனியா பாய் விரிச்ச மாதிரி இருக்க வேண்டிய செல்லெல்லாம் பத்து இருபது ஒண்ணாச் சேர்ந்து, சுவர் இடிஞ்ச ஒரே பெரிய வீடு மாதிரி, உள்ள நிறைய உட்கருவோட பரந்து கிடந்துச்சு. அதுக்குப் பேர் சின்சீஷியம், ஆர்எஸ்விங்கற பேர்ல இருக்கற நடு எழுத்தே அதுதான்.

சரி, தம்பி சொன்ன மருந்து என்ன பண்ணுதுன்னா, மாட்டி வெச்ச எலிப்பொறியில ஸ்பிரிங் நகராம ஒரு தீக்குச்சிய செருகி வெச்சா எப்படி, அதேதான். எஃப் புரோட்டீனோட மூணு இழைக்கு நடுவுல ஒரு பொந்து இருக்கு, மருந்து அதுக்குள்ள போய் உட்கார்ந்து மூணையும் இறுக்கிப் பிடிச்சுக்கும், பொறி தெறிக்காது. பொறி தெறிக்காட்டி கலக்கறது இல்ல, கலக்காட்டி புது செல்லுக்குள்ள போக முடியாது.

இந்த யோசனை புதுசு இல்லமா. இந்த நாட்டுல எச்ஐவி மருந்து பத்தித் தெரியாத தெரு இல்ல, அந்த எச்ஐவிக்கு இப்படி ஃப்யூஷன தடுக்கற மருந்து முன்னாடியே வந்துடுச்சு, 2003ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின என்ஃபுவிர்டைட். ஆனா அது 36 அமினோ அமிலம் கோத்த சங்கிலி, வாயில போட்டா வயித்துல செரிச்சுடும், அதனால தினம் ரெண்டு வேளை ஊசியா குத்திக்கணும், குத்தின இடமெல்லாம் கட்டி கட்டியா வீங்கும். யாரு காலம் பூரா அத தாங்குவா? நம்ம கிளினிக்ல இன்னைக்குக் குடுக்கற எச்ஐவி மாத்திரையில இந்த வகை மருந்தே இல்ல. அதனாலதான் சின்ன மூலக்கூறு மருந்துக்கு இவ்வளவு மதிப்பு, வயித்துல செரிஞ்சு போகாம ரத்தத்துல சேரும், மாத்திரையா, குழந்தைக்கு சிரிஞ்சுல வாய் வழியா குடுக்கற மருந்தாவே பண்ணலாம். ஆனா பெரிய புரோட்டீன இவ்வளவு சின்ன மூலக்கூறால நிறுத்தறது லேசான வேலை இல்ல, வழுவழுன்னு இருக்கற பெரிய பாறைய ரெண்டு விரலால பிடிக்கற மாதிரி, எங்கயாவது பொந்து இருந்தாத்தான் பிடி கிடைக்கும். ஆர்எஸ்வியில அந்தப் பொந்து இருந்தது அதிர்ஷ்டம்.

அப்புறம் ஏன் இது வார்டுக்கு வரலன்னு கேட்பீங்க. பிரசட்டோவிர்னு ஒரு மருந்து, 2014ல அதோட ரிசல்ட் வந்தப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நல்லா இருக்கற பெரியவங்க மூக்குல ஆர்எஸ்விய வேணும்னே சொட்டு விட்டு, வைரஸ் டெஸ்ட்ல தெரிஞ்ச உடனே மருந்தக் குடுத்தாங்க, வைரஸ் நல்லாவே குறைஞ்சது, சளியும் குறைஞ்சது. அப்புறம் அதே மருந்த, நிஜமாவே ஆர்எஸ்வி வந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்த பெரியவங்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாத்தினவங்களுக்கும் குடுத்துப் பார்த்தா, எதிர்பார்த்த பலன் இல்ல. மருந்து அதேதான், வைரஸும் அதேதான், குடுத்த நேரம் வேற.

இந்த நேரக் கணக்குதான் எல்லாம். உங்க பையனையே எடுத்துக்கங்க. வைரஸ் மூக்குல ஏறி நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் மூக்கு ஒழுகவே ஆரம்பிச்சிருக்கும். அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தானே விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள இழுத்திருக்கும், அன்னைக்குத்தான் நீங்க கார்ல ஏத்தி ஓடியிருப்பீங்க. அந்த நேரத்துக்கு வைரஸ் பெருகற வேலைய பெரும்பாலும் முடிச்சுட்டு இறங்கு முகத்துல இருக்கும். மூச்சுத் திணறலுக்குக் காரணம் அப்ப வைரஸ் மட்டும் இல்ல, நூல் கனம் இருக்கற கடைசி மூச்சுக்குழாய்ங்க வீங்கி, செத்த செல்லும் சளியும் அதுல அடைச்சு நிக்குதே, அதுதான். பொறியில தீக்குச்சி செருகற மருந்து இனிமே தெறிக்கப்போற பொறிய நிறுத்தும், ஏற்கனவே அடைச்சத எடுக்காது. அத உடம்புதான் மெதுவா வெளிய தள்ளணும், அதுவரைக்கும் குழந்தை களைச்சுப் போகாம இருக்கத்தான் ஆக்சிஜன், அதுவரைக்கும் உடம்புல தண்ணி வத்தாம இருக்கத்தான் ட்யூப்ல பால். ஒண்ணுமே குடுக்கலன்னு நினைச்சீங்களே தங்கச்சி, ராத்திரி பூரா அந்த ஆக்சிஜன் மீட்டர பார்த்துட்டு நின்ன நர்ஸுதான் அங்க மருந்து. ஆன்டிபயாடிக் வைரஸ ஒண்ணும் பண்ணாது, பாக்டீரியாவும் சேர்ந்திருக்குன்னு சந்தேகம் வந்தாத்தான் அது தேவை, இல்லாம குடுத்தா வயித்துப்போக்கு மட்டும்தான் மிச்சம்.

தம்பி எதப் படிச்சாருன்னு எனக்குப் புரியுது, ஜைரசோவிரா இருக்கணும். 2024ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ங்கற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, சீனாவுல ஆர்எஸ்வி வந்து அட்மிட் ஆன குழந்தைங்களுக்கு தினம் ரெண்டு வேளை அஞ்சு நாள் குடுத்த ஆராய்ச்சி. மூச்சுத் திணறலுக்கு 0ல இருந்து 12 வரைக்கும் மார்க் போடுவாங்க, மார்க் ஏற ஏற மோசம்னு அர்த்தம். மூணாவது நாள் மருந்து குடுத்த குழந்தைங்களுக்கு 3.4 மார்க் இறங்கியிருந்துச்சு, வெறும் டம்மி மருந்து குடுத்தவங்களுக்கு 2.7. அதாவது மருந்தே இல்லாமயும் குழந்தைங்க தேறிட்டாங்க, மருந்தோட கொஞ்சம் சீக்கிரமா தேறினாங்க. நான் இத குறைச்சு சொல்ல மாட்டேன், இத்தனை வருஷம் ஒண்ணு ஒண்ணா தோத்துப்போன இடத்துல குழந்தைங்களுக்கு நிஜமாவே பலன் காட்டினது பெரிய விஷயம். ஆனா உங்க பையனுக்கு இது கிடைச்சிருந்தா ஆஸ்பத்திரிக்கே போயிருக்க வேண்டாம்னு யாராவது சொன்னா அது நிஜம் இல்ல. இன்னொண்ணு, அந்த மருந்து எடுத்த குழந்தைங்கள்ல 9 சதவீதம் பேருக்கு மருந்துக்கு மசியாத மாதிரி வைரஸ் மாறிடுச்சு. பொந்துல ஒரு இடம் லேசா மாறினாப் போதும், தீக்குச்சி நிக்காது.

இங்க மருந்துக்கடையில போய் வாங்கற மருந்து இல்ல அது. தென்னாப்பிரிக்காவுல பதிவாகாத மருந்து ஒரு நோயாளிக்குக் கண்டிப்பா வேணும்னா டாக்டர் செக்ஷன் 21னு ஒரு பர்மிஷனுக்கு மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசான சாப்ராவுக்கு எழுதணும், வேற வழியே இல்லாத நோயாளிக்குத்தான் அதெல்லாம். உங்க பையன் அந்த நிலைமையில இல்ல, வீட்டுக்கு வந்துட்டான்.

ஆர்பிடால் வேண்டாம். கண்டிப்பா வேண்டாம். தம்பிக்குப் பாசம், எனக்குப் புரியுது. அதுவும் ஃப்யூஷன தடுக்கற மருந்துதான், பேரு உமிஃபெனோவிர், ரஷ்யாவுலயும் சீனாவுலயும் ஃப்ளூவுக்குப் பல வருஷமா விக்கறாங்க. ஆனா அது பிடிக்கறது ஃப்ளூ வைரஸோட ஹெமக்ளுட்டினின்ங்கற புரோட்டீன, அந்தப் பொறி வேற, ஆர்எஸ்வியோட பொறி வேற, ஒண்ணுக்குச் செஞ்ச தீக்குச்சி இன்னொண்ணுல நிக்கும்னு நம்பி நாலு மாசக் குழந்தை வாயில போடக்கூடாது. அது இந்த வயசுக்கான மருந்தும் இல்ல, உங்க பையன் தேறியும் வர்றான், எதுக்கு? பார்சல் வந்துட்டாலும் பிரிக்காம பக்கத்து பார்மசியில குடுத்துடுங்க, அழிச்சுடுவாங்க.

சாம்பிராணி விஷயத்துல மாமியார் மனசு நோகாம பேசணும், அவங்க ஆயா காலத்துல இருந்து குளிப்பாட்டிக் காட்டின புகை அது, குழந்தைக்கு நல்லதுன்னுதான் சொல்றாங்க. ஆனா இப்ப அந்த மூச்சுக்குழாய்ங்க உள்ள தோல் உரிஞ்ச புண்ணு மாதிரி இருக்கு, அது ஆற வாரக்கணக்குல ஆகும், புகை பட்டா திரும்ப இழுக்கும். சாம்பிராணி, சிகரெட், பிராய் போட்டு கறி சுடற புகை எதுவும் இப்ப வேண்டாம்னு பார்மசி அக்கா சொன்னதா என் பேரச் சொல்லியே சொல்லிடுங்க. கற்பூரம் காய்ச்சின எண்ணெய் தடவறதும் வேண்டாம், கற்பூரம் சின்னக் குழந்தைக்கு ஃபிட்ஸ் வர வெக்கும், இத நான் பயமுறுத்த சொல்லல. மார்ல தடவற தைலமும் ரெண்டு வயசு ஆகறவரைக்கும் வேண்டாம், தேனும் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம். மூக்கு அடைச்சா பால் குடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி உப்புத்தண்ணி சொட்டு மருந்து ரெண்டு ரெண்டு சொட்டு விட்டு துடைச்சு விடுங்க. பாலக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க, தாய்ப்பால் நிறுத்திடாதீங்க. காய்ச்சல் இருந்தா பனடோ, அதாவது பாராசிட்டமால், அளவு எடைய வெச்சு கிளினிக்ல குழந்தையோட ரோட் டு ஹெல்த் புக்ல எழுதி வாங்கிக்கங்க, கண்ணளவுல ஊத்தாதீங்க. இருமல் ரெண்டு மூணு வாரம் இருக்கும், அதுக்காகப் பதறி இருமல் சிரப் வாங்காதீங்க.

இப்ப நாத்தனார் விஷயம், உங்க கடுதாசில எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது இதுதான். பொறி தெறிக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சு வெக்கணும்னு சொன்னேன்ல, அதுக்கு இன்னைக்கு நிஜமா வேலை செய்யற வழி இருக்கு, அது மாத்திரை இல்ல. 1960கள்ல அமெரிக்காவுல ஒரு ஆர்எஸ்வி தடுப்பூசி போட்டுப் பார்த்தாங்க, ரொம்பக் கொடுமையா முடிஞ்சது, ஊசி போட்டு அப்புறம் ஆர்எஸ்வி வந்த குழந்தைங்கள்ல 80 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, ரெண்டு குழந்தை இறந்துடுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் இந்தப் பக்கம் வரவே எல்லாரும் பயந்தாங்க. 2013லதான் எஃப் புரோட்டீன் தெறிக்கறதுக்கு முன்னாடி எந்த வடிவத்துல நிக்குதுன்னு படம் பிடிச்சுக் காட்டினாங்க, பழைய ஊசி உடம்புக்குப் பெரும்பாலும் தெறிச்சு முடிஞ்ச பொறியைத்தான் காட்டியிருந்துச்சுன்னு அப்புறம் புரிஞ்சது. தெறிக்காத வடிவத்த அப்படியே உறைய வெச்சு செஞ்சதுதான் இப்ப கர்ப்பிணிங்களுக்குப் போடற ஊசி, அப்ரிஸ்வோ. அம்மா உடம்புல எதிர்ப்புச் சத்து உண்டாகி, நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போய், பிறக்கும்போதே கூட இருக்கும். அந்த ஆராய்ச்சியில தென்னாப்பிரிக்கத் தாய்மாரும் இருந்தாங்க. பிறந்த முதல் 90 நாள்ல மோசமான ஆர்எஸ்வி 82 சதவீதம் அளவுக்குக் குறைஞ்சது, ஆறு மாசக் கணக்குல 69. இன்னொரு வழி நிர்செவிமாப், குழந்தைக்கே ஒரு ஊசியா போடற ரெடிமேட் எதிர்ப்புச் சத்து, அதுவும் இதே பொறியத்தான், மேல்பக்கமா வந்து பிடிக்கும், ஒரு சீசன் பூரா நிக்கும். 2025ல உலக சுகாதார அமைப்பு, எல்லா நாடும் இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணக் குடுக்கணும்னு சொல்லிடுச்சு. 2019 கணக்குல உலகம் பூரா அஞ்சு வயசுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல குழந்தைங்க ஆர்எஸ்வியால போயிருக்கு, அதுல நூத்துக்கு 97 நம்ம மாதிரி நாடுங்கள்லதான், அதனால இந்த ஊசி பணக்கார நாட்டோட நிக்கக்கூடாதுன்னு எனக்குக் கோவமே வரும்.

நாத்தனாருக்கு இப்ப ஆறு மாசம்னா நேரம் சரியா இருக்கு, அம்மாவுக்குப் போடற ஊசி கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துலதான் போடறது. அடுத்த செக்கப்புல ஆர்எஸ்வி ஊசி எனக்குப் போடலாமான்னு வாயத் திறந்து கேட்கச் சொல்லுங்க. விலையக் கேளுங்க, மெடிகல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, இருந்தா அவங்க எவ்வளவு தருவாங்கன்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுடுங்க. டாக்டர் தேதியப் பார்த்து, இந்த சீசன் முடியப்போகுது, குழந்தைக்கு அடுத்த சீசனுக்கு முன்னாடி பார்த்துக்கலாம்னு சொன்னாலும் அது நியாயமான பேச்சுதான், சண்டை போடாதீங்க. குழந்தை பிறந்தா பார்க்க வர்ற சொந்தக்காரங்க கை கழுவிட்டுத் தூக்கணும், சளி இருக்கறவங்க வாசல்லயே நின்னு பார்த்துட்டுப் போகணும், முகத்துல முத்தம் வேண்டாம். இத வீட்டுப் பெரியவங்க வாயால சொல்ல வெச்சா யாருக்கும் கோவம் வராது, உங்க மாமியாரே அதுக்கு சரியான ஆளு.

உங்க பையனுக்கு இது திரும்பவும் வரலாம், ஒரு தடவை வந்தா அப்புறம் வராதுங்கற வைரஸ் இல்ல இது, ஆனா வளர வளர குழாய் பெருசாகும், இவ்வளவு மோசமா வர்ற வாய்ப்பு குறைஞ்சுட்டே போகும். இப்போதைக்கு ராத்திரி அவன் தூங்கும்போது சட்டையத் தூக்கிவிட்டு வயித்தப் பாருங்க, போன்ல ஒரு நிமிஷம் டைமர் வெச்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணுங்க. 50ஓ அதுக்கு மேலயோ இருந்தா ரொம்ப வேகம். அப்படி இருந்தா, விலாவுக்கு நடுவுல தோல் உள்ள இழுத்தா, மூச்சு விடும்போது முனகினா, எப்பவும் குடிக்கற பால்ல பாதி கூட குடிக்காட்டி, அரை நாளா நாப்பி நனையாட்டி, உதடு நீலமானா, மூச்சு நடுவுல நின்னு நின்னு வந்தா, இதுல எது ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, எனக்கும் எழுதிட்டு இருக்காதீங்க, அந்த ராத்திரியே நேரா கேஸ்வால்டிக்குத் தூக்கிட்டுப் போங்க.